சாம்பலை இழுத்த கல்

எரியும் தணலில் வைத்தால் சாம்பலைத் தன்னிடம் இழுத்து, சற்று நேரத்தில் அதையே உதறித் தள்ளும் கல் ஒன்றைப் பற்றி 1707இல் வெளியான ஒரு ஜெர்மன் நூல் சொல்கிறது. எழுதியவர் யோஹான் கியோர்க் ஷ்மிட். தூக்கம் வராத இரவுகளில் எழுந்த விசித்திர யோசனைகள் என்பது போன்ற தலைப்பு. தௌமியுஸ் என்ற படை மருத்துவர் தனக்குச் சொன்ன செய்தி என்றே அவர் இதைப் பதிவு செய்கிறார். 1703இல் ஒல்லாந்தர் இலங்கையிலிருந்து கொண்டுவந்த கல் அது. பெயர் தூர்மலின். ஒல்லாந்தர் தங்கள் மொழியில் 'சாம்பல் இழுப்பி' என்று அதற்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள்.

யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போய் அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. கறுவா, யானை, முத்து, பாக்கு என்று எத்தனையோ பொருட்கள் கப்பலேறிக்கொண்டிருந்தன. அவற்றோடு ஒரு மூலையில் போன சில கற்கள் இவை. நெல்வயலுக்கு அடியில் 'இல்லம' என்று சிங்களத்தில் அழைக்கப்படும் சரளைப் படையைத் தோண்டி, கூடையில் அள்ளி, நீரில் அலசிக் கல் பொறுக்குவது தென்னிலங்கையின் பழைய தொழில். இரத்தினபுரிப் பக்கம் இன்றும் அப்படித்தான் நடக்கிறது. பொறுக்கிய கல் வியாபாரிகளிடம் போகும். அந்த வணிகத்தில் பேருவளையின் தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு நெடுங்காலமாகப் பெரிய பங்கு உண்டு.

தூர்மலின் என்ற பெயரின் வேர் சிங்களத்துத் 'தோரமல்லி' என்பது அகராதிக்காரர்களின் முடிவு. 19ஆம் நூற்றாண்டில் சிங்கள அகராதி தொகுத்த பெஞ்சமின் க்ளவ் பாதிரியார் அந்தச் சொல்லுக்குக் கொடுக்கும் பொருள் கார்னீலியன் என்ற வேறொரு கல். பெயர் ஒன்றுக்கு, கல் இன்னொன்று. எங்கோ ஒரு பொட்டலத்தில் அடையாளம் மாறியிருக்கிறது. உலகம் அந்த மாறிய பெயரை அப்படியே வைத்துக்கொண்டது.

இதை நான் ஒக்லாந்தில் ஒரு சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்குச் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கையை உயர்த்தினார். "தம்பி, மல்லி எண்டால் தமிழ்தானே. நீர் ஏன் அதைச் சிங்களம் எண்டுறீர்?" என்றார். கோபம் இல்லை, உண்மையான ஆதங்கம். நமக்கு மல்லி என்றதும் பூ மணக்கிறது. சிங்களவருக்கு மல்லி என்றால் தம்பி. கல்லின் பெயருக்கு இந்த இரண்டில் எதோடும் உறவு இருப்பதாக அகராதி சொல்லவில்லை. 'இலங்கைச் சொல் என்று வைத்துக்கொள்வோமே, ஐயா' என்று சமாளிக்க எனக்கு மனம் வரவில்லை. சிங்களச் சொல் என்றால் சிங்களச் சொல்தான். அதே வகுப்பில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி கேட்டது இன்னும் கடினமான கேள்வி: "அங்கிள், அந்தக் கல்லைத் தோண்டி எடுத்தவருக்குப் பேர் என்ன?" ஷ்மிட்டின் பெயர் இருக்கிறது, மருத்துவரின் பெயர் இருக்கிறது. குழிக்குள் இறங்கியவரின் பெயரை எந்தக் கப்பல் கணக்கிலும் யாரும் எழுதவில்லை. அவருக்குச் சாம்பல் விஷயம் தெரிந்திருந்ததா என்பதற்கும் சான்று எதுவும் இல்லை. தெரிந்திருந்தது என்று அடித்துச் சொல்லும் ஆட்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள், அந்தப் பக்கத்திலும் இருக்கிறார்கள். ஆதிகாலத்திலேயே எல்லாம் நம்மிடம் இருந்தது என்ற பேச்சு, உண்மையில் நம்மிடமிருந்து போன ஒன்றைப் பார்க்க விடாமல் செய்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பாரிஸில் 1717இல் லூயி லெமரி இந்தக் கல்லை அறிவியல் கழகத்தில் காட்டினார். காந்தம் போல ஏதோ ஒன்று என்று நினைத்தார்கள். 1747இல் லின்னேயஸ் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தன் நூலின் முன்னுரையில் அதை 'மின்கல்' என்று குறிப்பிட்டார். கல்லை அவர் கண்ணால் கண்டதில்லை. இலங்கைக்கும் போனதில்லை. அந்தத் தாவரங்களை அங்கே சேகரித்தவர் போல் ஹெர்மான் என்ற இன்னொருவர். என்றாலும் மின்சாரம் என்ற ஊகம் சரியாக இருந்தது.

ஊகத்தைப் பரிசோதனையாக்கியவர் பிரான்ஸ் ஏப்பினுஸ். 1756, பெர்லின். கொதிநீரில் கல்லைச் சூடாக்கி, அதன் ஒரு முனையில் நேர் மின்னும் மறுமுனையில் மறை மின்னும் இருப்பதைக் காட்டினார். சாம்பல் ஏன் வந்து ஒட்டியது, ஏன் விலகியது என்பதற்கு அப்போதுதான் விடை கிடைத்தது. வெப்பம் மாறும்போது சில பளிங்குகளின் முனைகளில் மின்னேற்றம் தோன்றுகிறது. மின்னேறிய கல் துகளை இழுக்கும். தொட்ட துகளுக்கும் அதே மின்னேற்றம் ஏறியதும் அதைத் தள்ளும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏப்பினுஸ் பெர்லின் கழகத்தில் இருந்த அதே ஆண்டுகளில் அதே கழகத்தில் இருந்தவர் லியோன்ஹார்ட் ஒயிலர். வளைந்த சட்டம் என்ன உருவம் எடுக்கும் என்பதை 1744இலேயே கணித்தவர். ஒரு தூண் எவ்வளவு சுமையில் நெளியும் என்பதை 1750களில் எழுதியவர். இன்று உலகம் முழுதும் பாலமும் கட்டடமும் அவர் பெயரோடு பெர்னூயி பெயரையும் சேர்த்த சமன்பாட்டில்தான் நிற்கின்றன. மின் எழுப்பும் கல்லும், வளையும் சட்டத்தின் கணக்கும் ஒரே கழகத்தில் ஒரே காலத்தில் இருந்தன. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பார்க்கக் காரணமும் இல்லை. இன்று மீநுண் வளைகளின் மின்னும் விசையும் பற்றி எழுதப்படும் ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையும் அந்த இரண்டு பேரையும் ஒரே தாளில் உட்கார வைக்கிறது.

வளை என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் உத்தரம் என்பார்கள். எங்கள் பழைய ஓட்டு வீடுகளில் கூரையைத் தாங்கும் நெடுமரத்துக்கு வளை என்று பெயர். வளையாமல் நிற்க வேண்டியதற்கு வளை என்று பெயர் வைத்தவர்களுக்கு மரத்தைப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அடுத்த பெரிய அடி 1880இல், பாரிஸில். ஜாக், பியேர் என்ற கியூரி சகோதரர்கள். இருவருக்கும் வயது இருபதுகளில். வெப்பம் கல்லை விரிக்கிறது, விரிவு மின்னை எழுப்புகிறது என்றால், கையால் அமுக்கினாலும் எழ வேண்டுமே என்று யோசித்தார்கள். எந்தப் பளிங்கில் எழும், எந்தத் திசையில் எழும் என்பதைப் பளிங்கின் சமச்சீரிலிருந்தே முன்கூட்டிச் சொல்லிவிட்டு அமுக்கிப் பார்த்தார்கள். தூர்மலின், குவார்ட்ஸ், புஷ்பராகம், ரொஷெல் உப்பு, கரும்புச் சீனி. எல்லாவற்றிலும் எழுந்தது. மறு ஆண்டு லிப்மன், மின்னழுத்தம் கொடுத்தால் பளிங்கு உருமாற வேண்டும் என்று கணக்கில் காட்டினார். சகோதரர்கள் அதையும் அளந்து உறுதிப்படுத்தினார்கள். ஹங்கெல் என்ற ஜெர்மானியர் பியசோ என்ற கிரேக்க வேரிலிருந்து பெயர் சூட்டினார். அமுக்கமின் என்று தமிழில் சொல்லலாம்.

நம் சமையலறையை வைத்தே இதை விளக்கிவிடலாம். கற்கண்டை அமுக்கினால் மின் எழும். உப்புக்கல்லை அமுக்கினால் எழாது. உப்பின் அணு அடுக்கில் ஒரு நடுப்புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளிக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ, நேரெதிர்ப் பக்கமும் அதுவே இருக்கிறது. சமமாக அமுக்கும்போது நேர் அணுக்களும் மறை அணுக்களும் ஒத்தபடி நகர்ந்து ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். சீனிக்கும் குவார்ட்ஸுக்கும் அந்த நடுப்புள்ளி கிடையாது. பளிங்கு வகுப்புகள் மொத்தம் 32. அவற்றில் 20இல் மட்டும் அமுக்கமின் உண்டு, அதிலும் 10இல் மட்டும் சூட்டுக்கும் மின் எழும். தூர்மலின் இரண்டிலும் சேர்ந்தது.

குவார்ட்ஸ் துண்டை வைத்துக் கியூரிகள் செய்த நுண்மின் அளவியைக் கொண்டுதான் மேரி கியூரி 1898இல் யுரேனியக் கதிர்களை அளந்தார். பியேரின் மாணவர் லான்ஜ்வான் 1917இல் குவார்ட்ஸை அதிரவைத்துக் கடலுக்குள் ஒலி அனுப்பி நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் கருவியைச் செய்தார். அவர் இளமையில் ஒரு வருடம் கேம்பிரிட்ஜில் படித்தபோது உடன் ஆய்வு செய்தவர் நியூசிலாந்துக்காரரான ரதர்போர்ட். இவரும் அதே போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்காக நீர்மூழ்கி தேடும் ஆய்வில் இறங்கியவர். எங்கள் 100 டொலர் தாளில் இருப்பவரும் அவர்தான். அவர் நெல்சன் பக்கத்துப் பிள்ளை, கிறைஸ்ட்சேர்ச்சில் படித்தவர். ஒக்லாந்துக்காரர் உரிமை கொண்டாட இடமே வைக்கவில்லை. சொந்தம் கொண்டாடும் ஆசை தமிழருக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல என்பதற்காக இதைச் சொன்னேன்.

சர் சி. வி. ராமனும் நாகேந்திரநாத்தும் 1935-36இல் பெங்களூரில் ஒலியலை ஒளியைச் சிதறடிப்பதற்குக் கணக்குத் தந்தபோது, அந்த மீயொலியை எழுப்பும் கருவியும் குவார்ட்ஸ்தான். பிறகு பேரியம் டைட்டனேட் வந்தது, ஈய சிர்க்கோனேட் வந்தது. அடுப்பு பற்றவைக்கும் துப்பாக்கியிலிருந்து வயிற்றுக் குழந்தையைப் பார்க்கும் கருவிவரை எல்லாவற்றிலும் புகுந்துவிட்டது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்தது.

தெரியாத கதை வளைவின் கதை. அமுக்கமின் உள்ள ஒரு மெல்லிய பட்டையை வளைத்துப் பாருங்கள். மேற்பாதி இழுபடும், கீழ்ப்பாதி நெருக்கப்படும். மேலே எழும் மின்னும் கீழே எழும் மின்னும் எதிரெதிர். இரண்டும் கழிந்து பூச்சியம். அதனால்தான் வளைவை மின்னாக்கும் கருவிகளில் இரண்டு பட்டைகளைத் திசை மாற்றி ஒட்டுகிறார்கள். உப்பைப் போன்ற, நடுப்புள்ளி உள்ள பொருளில் முதலிலேயே ஒன்றும் எழாது என்று சொன்னோம். ஆனால் வளைக்கும்போது அந்த வாதம் உடைகிறது. மேலே இழுப்பு, கீழே நெருக்கு என்றானபின் மேலும் கீழும் ஒன்றல்ல. நடுப்புள்ளியை வளைவே கலைத்துவிட்டது. ஆகவே உப்பும் மின் எழுப்பும். கண்ணாடியும் எழுப்பும். மின்கடத்தாப் பொருள் எல்லாமே எழுப்பும். இதற்கு பிளெக்சோ மின் என்று பெயர். நான் வளைமின் என்கிறேன்.

1957இல் மாஷ்கேவிச்சும் தல்பிகோவும் இதைக் கோட்பாட்டில் தொட்டார்கள். 1964இல் கோகன் மதிப்பிட்டார். 1968இல் பூர்ஸியனும் ஸைகோவ்ஸ்கியும் பேரியம் டைட்டனேட் படலத்தில் வளைவையும் மின்னையும் சேர்த்துக் கண்டார்கள். எல்லாம் சோவியத் ஒன்றியத்தில். அடுத்த ஆண்டே மேயர் திரவப் பளிங்குகளில் இதைச் சொன்னார். பிறகு நீண்ட மௌனம். டகான்ட்சேவ் 1980களில் கோட்பாட்டை ஒழுங்குபடுத்தினார். 2000க்குப் பிறகு பென்சில்வேனியாவில் மாவும் எரிக் க்ரொஸும் பீங்கான் பட்டைகளை வளைத்து அளந்தபோது, எதிர்பார்த்ததைவிடப் பெரிய எண்கள் வந்தன. அப்போதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஏன் அவ்வளவு காலம் யாரும் கவலைப்படவில்லை? காரணம் அளவு. அமுக்கமின்னைத் தீர்மானிப்பது விகாரம். விகாரம் என்றால் அசிங்கம் அல்ல. எங்கள் உயர்தர பௌதிகப் புத்தகத்தில் ஒரு பொருள் தன் நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்பதற்கு அதுதான் சொல். தமிழ்நாட்டில் திரிபு என்பார்கள். வளைமின்னைத் தீர்மானிப்பது அந்த விகாரத்தின் சரிவு, அதாவது ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது. 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள பட்டையின் மேற்பரப்பு 0.1 சதவீதம் நீளும்படி வளைத்தால், கீழ்ப்பரப்பு 0.1 சதவீதம் குறுகும். மொத்த வித்தியாசம் 0.2 சதவீதம், அது 1 மில்லிமீட்டருக்குள் நடக்கிறது. தடிப்பை 10 நானோமீட்டராக்கி அதே 0.1 சதவீதத்துக்கு வளைத்தால், அதே வித்தியாசம் 10 நானோமீட்டருக்குள் நடக்கிறது. சரிவு 1,00,000 மடங்கு செங்குத்தாகிவிட்டது. விகாரமோ மாறவேயில்லை.

இங்கேதான் ஒயிலரின் சமன்பாடு தடுமாறுகிறது. அதற்குத் தன் அளவு தெரியாது. வடிவம் ஒன்றாக இருந்தால் பத்தடி வளைக்கும் பத்து நானோமீட்டர் வளைக்கும் அது ஒரே நடத்தையைத்தான் சொல்லும். வளைமின் வந்ததும் பொருளுக்குள்ளேயே ஒரு நீளம் நுழைகிறது. வளைமின் எண்ணை அமுக்கமின் எண்ணால் வகுத்துப் பாருங்கள். அலகுகள் கழிந்து மிஞ்சுவது மீட்டர். வளையின் தடிப்பு அந்த நீளத்தைவிட மிகப் பெரியது என்றால் வளைமின்னை மறந்துவிடலாம். தடிப்பு அதை நெருங்கினால் மறக்க முடியாது. வளை எதிர்பார்த்ததைவிட விறைப்பாகத் தெரியலாம், மின்முனைகளைக் கம்பியால் இணைத்தால் ஒரு விதமாகவும் திறந்து விட்டால் வேறு விதமாகவும் வளையலாம். மேற்பரப்பு அணுக்களின் சேட்டை வேறு. ஒரு சமன்பாட்டின் எல்லை நிபந்தனையில் 'கம்பி இருக்கிறதா இல்லையா' என்பது சேர்வது எனக்கு இன்னும் சுவாரசியமாகத் தெரிகிறது. நான் வெளிநாட்டில் முதுகலை படித்த காலத்தில் இத்தகைய கணக்குகளைக் கணினியில் துண்டு துண்டாக்கித் தீர்க்கும் வேலையைக் கற்றேன். இப்போது செய்வது வங்கிகளின் பழைய மென்பொருளைப் புதியதாக்கும் வேலை. எல்லை நிபந்தனையை மறந்தால் என்ன நடக்கும் என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

2008இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் பிரதீப் ஷர்மாவும் உடனிருந்தவர்களும் பேரியம் டைட்டனேட் மீநுண் வளை ஒன்றைக் கணித்து, வளைமின் காரணமாக அதன் தோற்ற அமுக்கமின் பல மடங்கு கூடும் என்று எழுதினார்கள். அதன்பின் கட்டுரைகள் மழைக்கால ஈசல் மாதிரி. ஒரு முனை பொருத்திய வளை, இரு முனையும் பொருத்திய வளை, நெளியும் வளை, அதிரும் வளை, அடுக்கு வளை. ஒயிலருக்குப் பதில் திமொஷென்கோ, திமொஷென்கோவுக்குப் பதில் இன்னொருவர். பெரும்பாலானவற்றில் பரிசோதனை கிடையாது. ஒரு உறுப்பைக் கூட்டி இன்னொரு வரைபடம் போடுவது மலிவு. பத்து நானோமீட்டர் பட்டையைப் பிடித்து வளைத்து அளப்பது விலை. இது என் முறைப்பாடு, துறையில் உள்ளவர்கள் மறுக்கலாம். 2016இல் பார்சலோனாவில் சிலிக்கன் மேல் ஸ்ட்ரொன்சியம் டைட்டனேட் படலம் வைத்து, மின் கொடுத்தால் வளையும் உண்மையான மீநுண் நாக்கு ஒன்றைச் செய்து காட்டியபோதுதான், வரைபடங்களுக்குக் கால் முளைத்தது.

ஒக்லாந்துக்கும் இதில் ஒரு பக்கம் இருக்கிறது. சைமண்ட்ஸ் வீதிப் பக்கம் உள்ள ஒக்லாந்து உயிர்ப்பொறியியல் நிறுவனம் 2001இல் பீட்டர் ஹன்டரின் தலைமையில் தொடங்கியது. அவர்கள் எடுத்த வளை மனித இதயம். மின்னலை பரவ, தசை நார் சுருங்க, சுவர் உருமாற, அந்த உருமாற்றம் திரும்ப மின்னைப் பாதிக்க, எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கட்டும் முயற்சி. இதயத்தில் மின்னை எழுப்புவது அயன்கள், பளிங்கு அல்ல. ஆனால் விசையும் மின்னும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும் சமன்பாடுகள் என்ற அளவில் இரண்டும் ஒரே குடும்பம். அதே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து, நீட்டினால் மின்கொள்ளளவு மாறும் இறப்பர் உணரிகளும் வெளிவந்தன.

உடம்பு என்றதும் எலும்புக்கு வரவேண்டும். சென்னைக்கும்.

1952இல் முப்பது வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தவர் கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன். அந்த ஆண்டு அங்கே வந்த பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு யாருக்கும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் நிறைந்திருக்கும் புரதம். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து கங்காரு வால் நாணின் கொலாஜன் கிடைத்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இலும் 1955இலும் மூன்று இழைகள் முறுகிய கயிறாக அதை விளக்கினார்கள். இழைகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டா ஒன்றா என்பதில் கிரிக்கும் ரிச்சும் முரண்பட்டார்கள். மூவிழைக் கயிறு என்ற அடிப்படை நிலைத்தது.

1957இல் ஜப்பானில் ஃபுகாடாவும் யசூடாவும் உலர்ந்த எலும்பில் அமுக்கமின் இருப்பதை அளந்தார்கள். எலும்பின் கனிமமா, கொலாஜனா? கனிமத்துக்கு அந்தப் பண்பு இல்லை என்று கருதப்பட்டதால் பொறுப்பு கொலாஜனுக்குப் போனது. முறுகிய கயிறுக்கு நடுப்புள்ளி கிடையாதே. சுமை தாங்கும் எலும்பு ஏன் தடிக்கிறது, படுத்தே கிடந்தால் ஏன் மெலிகிறது என்பதற்கு இந்த மின்தான் விடை என்று ஒரு தலைமுறை நம்பியது. ராமச்சந்திரனின் கயிறு நம் எலும்புக்குள் மின்கம்பியாக ஓடுகிறது என்று மேடையில் சொல்ல எவ்வளவு நன்றாக இருக்கும்!

2018இல் பார்சலோனாவில் குஸ்தாவ் கதலானின் குழு எலும்பை வளைத்து அளந்தது. பக்கத்தில் கொலாஜனே இல்லாத தூய எலும்புக் கனிமத்தையும் வளைத்தது. இரண்டிலும் வளைமின் இருந்தது, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில். எலும்பில் மயிரிழை விரிசல் விழும்போது அதன் நுனியில் விகாரத்தின் சரிவு மிகச் செங்குத்தாக இருக்கும். நுனியை ஒட்டிய சில மைக்ரோமீட்டருக்குள் எழும் மின்புலம், பக்கத்துச் செல்களுக்கு உடைவு எங்கே என்று காட்டப் போதுமானது என்பது அவர்களின் கணக்கு. அங்கே வேலை செய்வதற்குக் கயிறு தேவைப்படவில்லை. கனிமம் போதும்.

சனிக்கிழமை வகுப்பில் இதையும் சொன்னேன். பெரியவருக்கு ராமச்சந்திரனின் பெயர் முன்பே தெரிந்திருந்தது, அவருக்கு நோபல் கிடைக்காத கதையும். பார்சலோனா முடிவைக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தாள் செய்தது வீணோ?" என்றார். இல்லை ஐயா, கயிறு கயிறாகவே இருக்கிறது, விரிசலின் கணக்கு மட்டும்தான் வேறு ஆளுக்குப் போயிருக்கிறது என்றேன். அந்தப் பதினைந்து வயதுக்காரி கொப்பியில் விரிசல் ஒன்றைக் கீறி, அதன் நுனியில் சின்ன அம்புக்குறிகள் போட்டுக்கொண்டிருந்தாள். உப்புக்கல்லை எவ்வளவு மெல்லிசாகச் சீவலாம் என்று அவள் கேட்டாள்.